புரோகிதரின் ‘புரோ’ எது? தமிழ்ப் பேரகராதியின் இணையத் தேடல்: ஒரு மதிப்புரை

புரோகிதர் என்றால் ‘ஊருக்கு நல்லது செய்பவர்’ என்று கல்யாண மண்டபத்தில் யாராவது ஒருவர் விளக்கம் சொல்லாமல் இருக்க மாட்டார். புரம் என்றால் ஊர், ஹிதம் என்றால் நன்மை, ஆகவே புரோகிதர். கேட்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு. அது தவறு என்று ஐந்து நிமிடத்தில் காட்டிவிடக்கூடிய இலவசச் சேவை இணையத்தில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைத் தேடிப் பார்க்கும்படி சிகாகோ பல்கலைக்கழகம் தன் தெற்காசிய மின்னகராதித் தொகுப்பில் ஏற்றி வைத்திருக்கிறது. கணக்கு தொடங்க வேண்டாம், கட்டணம் கிடையாது. சடங்கு நடத்தி வைப்பவர்களுக்குத் தமிழில் உள்ள பெயர்களை வரிசையாக அதில் போட்டுப் பார்த்தால் எது தேறுகிறது, எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம்.

சரக்கு என்னவென்று முதலில். பேரகராதி வேலை தொடங்கியது 1913இல், ஜே.எஸ். சாண்ட்லர் பொறுப்பில். அச்சானது 1924 முதல் 1936 வரை, ஆறு தொகுதிகளாக. 1939இல் ஒரு பின்னிணைப்பு. 1926க்குப் பிறகு பதிப்பாசிரியர் ச. வையாபுரிப்பிள்ளை. ஆறு தொகுதிகளில் 1,04,405 சொற்கள், பின்னிணைப்பில் 13,357. இந்த ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும். 1939க்குப் பிறகு ஒரு சொல்லுக்கு என்ன நடந்தாலும் இந்த அகராதிக்குத் தெரியாது.

தட்டச்சில்தான் முதல் சறுக்கல். ‘புரோகிதர்’ என்று முழுச் சொல்லாகப் போட்டால் ஏமாறலாம். பேரகராதி பெரும்பாலும் ‘ன்’ ஈற்றுக்குத்தான் தலைச்சொல் இடம் கொடுக்கிறது. அதனால் ‘புரோகிதன்’ என்று தேட வேண்டும். இன்னும் நல்லது, ஈற்றை விட்டுவிட்டு ‘புரோகித’ என்று தொடங்கும் சொற்களைக் கேட்பது. புரோகிதம் உட்பட உறவுச் சொற்களும் சேர்ந்து வந்துவிடும். பழைய பிடிஎஃப் கோப்பிலிருந்து சொல்லை வெட்டி ஒட்டாதீர்கள். ‘ரோ’ என்ற எழுத்தின் குறி கணினியில் ஒரே குறியாகவும் பதிவாகலாம், இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், தேடலுக்கு வேறாகத் தெரியலாம். விடை வராவிட்டால் கையால் தட்டச்சு செய்து மறுபடி பாருங்கள்.

கிரந்த எழுத்து இன்னொரு பொறி. சாஸ்திரியை சாத்திரி என்றும் தேட வேண்டும். ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் அச்சு நூலில் அகரவரிசையின் கடைசிக்குப் போய்விடும். இணையத்தில் அந்தத் தொல்லை இல்லை என்றாலும், இரண்டு எழுத்துக்கூட்டலிலும் பார்த்துவிட்டுத்தான் ‘இல்லை’ என்ற முடிவுக்கு வர வேண்டும். ‘வாத்யார்’ என்று போட்டுவிட்டுக் கிடைக்கவில்லை என்று கைவிட்டவர்கள் ஏராளம். அங்கே அவர் ‘வாத்தியார்’.

பதிவு கிடைத்ததும் அதை இடமிருந்து வலமாக அவசரப்படாமல் படிக்க வேண்டும். தலைச்சொல், ரோமன் எழுத்தில் அதன் ஒலிபெயர்ப்பு, சொல்வகை, பிறகு < என்ற அம்பு, அதையடுத்து மூலச்சொல். பின்னர் எண்ணிட்ட பொருள்கள், ஒவ்வொன்றும் முதலில் ஆங்கிலத்தில், அடுத்துத் தமிழில். மேற்கோள் இருந்தால் நூற்பெயரின் சுருக்கத்தோடு இருக்கும். சதுர அடைப்புக்குள் வருபவை தெலுங்கு, கன்னடம், மலையாளம் முதலிய மொழிகளின் இனச்சொற்கள். அவற்றை மூலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அம்புக்குப் பக்கத்தில் ‘அநேகமாக’ என்பதற்கான சுருக்கம் இருந்தால் அது தொகுத்தவர்களின் ஊகம். ‘ஒப்புநோக்குக’ என்பதற்கான சுருக்கம் மட்டும் இருந்தால் ஊகம்கூட இல்லை, பக்கத்து வீட்டைக் கைகாட்டுகிறார்கள், அவ்வளவே. இந்த மூன்றையும் ஒன்றாக எண்ணிப் ‘பேரகராதியே சொல்லிவிட்டது’ என்று எழுதுவதுதான் இணையத்தில் அதிகம் நடக்கும் தவறு.

இப்போது புரோகிதர். அம்பு காட்டும் மூலம் வடமொழி ‘புரோஹித’. அதில் உள்ள ‘ஓ’வை விட்டுவிடாதீர்கள், வழக்கே அதில்தான் இருக்கிறது. ஊர் என்ற பொருளுள்ள ‘புர’ என்ற சொல்லோடு ‘ஹித’ சேர்ந்தால் ‘புரஹித’ என்றுதான் வரும். ‘ஓ’ பிறக்க வழியே இல்லை. ‘புரஸ்’ என்ற சொல் ‘முன்னால்’ என்ற பொருள் தருவது. வடமொழிப் புணர்ச்சியில் இப்படி ‘அஸ்’ என்று முடியும் சொல்லுக்குப் பின் ஹ, ஜ, த (da) போன்ற அதிரொலி (தொண்டை அதிர எழும் ஒலி) வந்தால் ‘அஸ்’ என்பது ‘ஓ’ ஆகிவிடும். மனஸ் + ஹர என்பது மனோஹர. ஸரஸ் + ஜ என்பது ஸரோஜ, அதாவது குளத்தில் பிறந்தது, தாமரை. யசஸ் + தா என்பது யசோதா. மனோகரனும் சரோஜாவும் யசோதாவும் இருக்கிற ஊரில் புரோகிதரின் ‘ஓ’வுக்குத் தனி விளக்கம் தேவையில்லை. (பரோபகாரத்தில் வரும் ‘ஓ’ வேறு வகை. அங்கே ‘உ’கரத்தில் தொடங்கும் உபகாரம் இருக்கிறது. இங்கே உகரம் எதுவும் இல்லை.)

அடுத்து ‘ஹித’. இது ‘வை’ என்ற பொருள் கொண்ட ‘தா’ என்னும் வேரின் இறந்தகால வடிவம், ‘வைக்கப்பட்ட’ என்று பொருள். நிதி, விதி, சந்நிதி எல்லாம் இதே வேரில் பிறந்தவை. ஆக, புரோகிதர் என்றால் ‘முன்னே வைக்கப்பட்டவர்’. ஒருவர் சார்பில் சடங்கை நடத்த முன்னிறுத்தப்பட்டவர். அதே ‘ஹித’ என்ற வடிவம் ‘நன்மையான’ என்ற பொருளிலும் வழங்கியதால்தான் குழப்பம். தமிழில் அது தலை ஹகரத்தை இழந்து ‘இதம்’ ஆனது. புரோகிதரில் நடுவில் மாட்டிக்கொண்டதால் ககரமாகிப் பிழைத்தது. ஒரே சொல் இரண்டு முகத்தோடு நிற்கிறது என்பதைக் கண்டுபிடிக்க அகராதியை இரண்டு முறை திறக்க வேண்டும். இதம் என்ற பதிவையும் சேர்த்துப் பாருங்கள்.

ரிக் வேதத்தின் முதல் வரியிலேயே இந்தச் சொல் வந்துவிடுகிறது. அக்னியைப் புரோஹிதன் என்றும் ருத்விஜன் என்றும் ஹோதா என்றும் ஒரே மந்திரத்தில் அழைக்கிறது. ருத்விஜ் என்பது ருது + யஜ், உரிய காலத்தில் வேள்வி செய்பவர். பெரிய வேள்விகளில் அவர்கள் 16 பேர், நான்கு தலைமை, ஒவ்வொருவருக்கும் மூன்று துணை. புரோகிதர் அந்தப் பதினாறில் அடங்கும் பதவி அல்ல, ஒரு குடும்பத்தோடோ அரசனோடோ நிலையாக இருப்பவர். சிலப்பதிகார உரை தரும் ஐம்பெருங்குழுப் பட்டியலில் அமைச்சருக்கு அடுத்தபடியாகப் புரோகிதர் நிற்பது இதனால்தான், சேனாபதியும் தூதரும் சாரணரும் பிறகுதான். அரசவையில் உட்கார்ந்திருந்தவர் வீட்டுக் கூடத்துக்கு வந்த கதையைப் பேரகராதி சொல்லாது. பொருள்களை எண்ணிட்டு அடுக்குமே தவிர, ஒன்று எப்படி இன்னொன்றானது என்று கோர்த்துக் காட்டாது. இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை என்று சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வோம். மேற்கோள் நூல்களின் பெயர் உண்டு, காலம் கிடையாது. எந்த நூல் எந்த நூற்றாண்டு என்று படிப்பவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

வாத்தியாரிடம் போவோம். பள்ளிக்கூடத்து வாத்தியாரும் பூணூல் கல்யாணத்து வாத்தியாரும் ஒரே சொல். மூலம் உபாத்தியாயர். உபாத்தியாயர், உவாத்தியார், வாத்தியார் என்று ‘ப’ மெலிந்து ‘வ’ ஆகி, முதல் உகரம் உதிர்ந்தது. இந்தி நாட்டில் ஓஜா, ஜா என்று குடும்பப் பெயராக வழங்குவதும் இதே உபாத்தியாயர்தான், பிராகிருத ‘உவஜ்ஜாய’ வழியாக. இப்படிப்பட்ட இடைப்படிகளைப் பேரகராதி பெரும்பாலும் தாண்டிவிடுகிறது. அம்பு நேராக வடமொழிக்கே பாயும்.

ஆனால் ஒரு நல்ல வேலையும் செய்கிறது. வாத்தியாருக்குப் பக்கத்திலேயே வாத்தியம் வந்து நிற்கும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே ‘வாத்திய’. மேளமும் மந்திரமும் சேர்ந்துதானே வருகின்றன என்று இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றும். ரோமன் எழுத்தில் உள்ள மூலத்தைப் பாருங்கள். வாத்தியத்தின் மூலத்தில் இருப்பது வெறும் தகரம், உபாத்தியாயரில் இருப்பது மூச்சோடு ஒலிக்கும் தகரம். தமிழ் வரிவடிவம் மறைத்துவிடும் வேறுபாட்டை அந்த ரோமன் மூலம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சொல்லாராய்ச்சியில் தமிழ் எழுத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம், 141ஆம் சுலோகம் உபாத்தியாயருக்கு இலக்கணம் சொல்கிறது. வேதத்தின் ஒரு பகுதியையோ வேதாங்கத்தையோ பிழைப்புக்காகக் கற்பிப்பவர். பத்து உபாத்தியாயர் சேர்ந்தால் ஒரு ஆசாரியர் என்றும் அதே அத்தியாயம் கணக்குப் போடுகிறது. சம்பளத்துக்குச் சொல்லிக் கொடுப்பவர் என்ற ஒரே கிளையிலிருந்து பள்ளி ஆசிரியரும் சடங்கு நடத்துபவரும் பிரிந்தது இதைப் படித்தால் வியப்பாக இராது. சென்னைத் தெருவில் எம்.ஜி.ஆர் ‘வாத்தியார்’ ஆனது அதற்கும் அடுத்த கதை. அதற்கு இந்த அகராதியில் தேடிப் பயனில்லை.

வடமொழி மூலம் உள்ள சொற்களுக்கு இந்தத் தேடல் கச்சிதமாக வேலை செய்கிறது. குருக்கள் என்பது குரு + கள், மரியாதைப் பன்மை, பசுக்கள், தெருக்கள் போலக் ககரம் இரட்டித்தது. ஈழத்தில் ஆசாரிய அபிஷேகம் பெற்றவரைத்தான் குருக்கள் என்பார்கள் என்ற வழக்கு நுணுக்கத்துக்கு அங்குள்ளவர்களைத்தான் கேட்க வேண்டும். அர்ச்சகர், தீட்சிதர் எல்லாம் நேர்வழி. பண்டாரம் கொஞ்சம் வேடிக்கை. மூலம் ‘பாண்டாகார’, அதாவது பொருள் வைக்கும் அறை. கருவூலமும் சைவப் பரதேசியும் ஒரே பெயரில் வாழ்கிறார்கள், மடத்துத் தலைவர் பண்டாரசந்நிதி ஆகிறார்.

ஐயர், பூசாரி என்ற இரண்டில்தான் அம்பைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ‘ஐயர் யாத்தனர் கரணம்’ என்று தொல்காப்பியக் கற்பியலிலேயே திருமணச் சடங்கோடு ஐயர் வந்துவிடுகிறார். அந்த ஐயர் ‘ஐ’ என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்த ‘மூத்தோர், தலைவர்’ என்பது ஒரு கட்சி, ஆர்ய என்பதன் பிராகிருத வடிவமான ‘அய்ய’ என்பது இன்னொரு கட்சி. பிற்காலத்தில் கிறித்தவப் பாதிரியார் ஜி.யு. போப் ‘போப்பையர்’ ஆனது பொது மரியாதைச் சொல்லாக அது எவ்வளவு தூரம் நடந்தது என்பதைக் காட்டுகிறது. பூசையிலும் இதே இழுபறி. வடமொழிப் ‘பூஜா’வே தமிழின் ‘பூ + செய்’ அல்லது ‘பூசு’ என்பதிலிருந்து போனது என்று வாதிடுபவர்கள் உண்டு. பேரகராதி வடமொழிப் பக்கம் சாய்கிறது என்று தேவநேயப் பாவாணர் கடுமையாகச் சாடியிருக்கிறார். தமிழக அரசு 1974இல் அவரை இயக்குநராக வைத்துத் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலி 1985இல் முதல் பகுதி கண்டு, 2011இல் 31 பகுதிகளாக நிறைவு பெற்றது. அது எதிர்ப்பக்கம் சாயும், எல்லாவற்றுக்கும் தமிழ் வேர் தேடும். இந்த இரு சொற்களுக்கும் இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். இரண்டும் ஒத்துப்போகிற இடம் உறுதி, முரண்படுகிற இடம் இன்னும் திறந்திருக்கிறது.

தமிழ் வேருள்ள பெயர்கள் பெரும்பாலும் வேறொரு தர்க்கத்தில் பிறந்தவை. கையில் என்ன இருக்கிறதோ அதுதான் பெயர். வெறியாட்டு நடத்துபவன் வேலன், காரணம் கையில் வேல். குறி சொல்லிப் பேய் ஓட்டுபவர் கோடாங்கி, காரணம் கையில் இருக்கும் உடுக்கைக்கே அந்தப் பெயர். தேவாரம் பாடுபவர் ஓதுவார், செய்கிற வேலையே பெயர். ஓது + வ் + ஆர், பிரித்தால் முடிந்தது. கோடங்கி, கோடாங்கி என்று இரண்டு எழுத்துக்கூட்டலையும் தேடுங்கள். வேலனைத் தேடும்போது முருகனும் கூடவே வருவான், பொருள் எண்களைப் பிரித்துப் படிக்க வேண்டும்.

பாதிரியில் ஒரு நல்ல பாடம் உண்டு. திருப்பாதிரிப்புலியூரின் பாதிரி ஒரு மரம். தேவாலயத்துப் பாதிரி போர்த்துக்கீசிய ‘பாத்ரே’, அதாவது தந்தை. வேர் வேறானால் பேரகராதி ஒரே எழுத்துள்ள சொல்லையும் தனித்தனித் தலைச்சொல்லாக எண்ணிட்டுப் பிரிக்கும். பொருள்தான் வேறு என்றால் ஒரே பதிவுக்குள் எண்ணிடும். இந்த இரண்டு வகை எண்களையும் பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆயர் என்று தேடினால் முல்லை நிலத்து மாடு மேய்ப்பவர்கள் வருவார்கள். மந்தையை மேய்ப்பவர் என்ற கருத்தில் அதை மறைமாவட்டத் தலைவருக்குச் சூட்டிய இன்றைய வழக்கைக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி போன்ற ஒன்றில்தான் பார்க்க வேண்டும். அது முதலில் வந்தது 1992இல், விரிவாக்கிய பதிப்புகள் 2008, 2020இல். இமாம் என்பது அரபி, ‘அமாம்’ என்றால் முன்புறம், தொழுகையில் முன்னே நிற்பவர் இமாம். புரோகிதரின் ‘புரஸ்’ சொன்னதும் இதுதானே. இரண்டு மொழிக்கும் இடையே எந்த உறவும் இல்லை, சடங்கில் ஒருவர் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

பெயரே இல்லாதவர்களை எந்தத் தேடல் பெட்டியும் கண்டுபிடிக்காது. அகநானூறு 86ஆம் பாட்டில் ஒரு திருமணம் முழுக்க நடக்கிறது. மகனைப் பெற்ற பெண்கள் நால்வர் கூடி மணமகளை நீராட்டி வாழ்த்துகிறார்கள். சடங்கை நடத்துபவர்கள் அவர்கள்தான், ஆனால் அந்தப் பொறுப்புக்குத் தனிப் பெயர் எதுவும் பாட்டில் இல்லை. கொங்கு நாட்டில் இதே பொறுப்புக்குப் பெயர் உண்டு: அருமைக்காரர், அருமைக்காரி. எழுதிங்கள் சீர் என்னும் கொங்குச் சடங்கைச் செய்துகொண்ட தம்பதிக்கே அந்தத் தகுதி. இப்படிப்பட்ட வட்டார வழக்குகளுக்குத் தலைச்சொல் தேடலை விடப் பதிவு முழுவதிலும் தேடும் வசதிதான் கைகொடுக்கும். ‘சடங்கு’, ‘கலியாணம்’ என்று தமிழ் விளக்கத்தில் வரக்கூடிய சொல்லைப் போட்டுக் கிடைப்பதைச் சலிக்க வேண்டும். அந்தக் கால எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்துங்கள், ‘கல்யாணம்’ என்று மட்டும் போட்டால் பாதி தப்பிவிடும். பதிவின் முடிவில் யாழ்ப்பாணம், தஞ்சாவூர், நாஞ்சில் நாடு என்று வட்டாரத்தைக் குறிக்கும் சுருக்கங்கள் இருந்தால் அவற்றைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஊர்ச் சொல்லை நாடு முழுக்கப் பரப்பிவிடும் தவறு அங்கேதான் பிறக்கிறது.

கடைசிச் சோதனை 1939ஐத் தாண்டியது. முதல் சுயமரியாதைத் திருமணம் 1928இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் நடந்தபோது பேரகராதியின் தொகுதிகள் அச்சில் இருந்தன. இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்த தமிழகத் திருத்தம் 1967இல் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. புரோகிதர் தேவையில்லை, உறவினர், நண்பர் அல்லது வேறு எவர் முன்னிலையிலும் நடக்கலாம். அங்கே நடத்தி வைப்பவருக்குத் தமிழில் இன்னும் ஒற்றைச் சொல் அமையவில்லை. அழைப்பிதழில் ‘தலைமை’ என்று ஒரு வரி, ‘முன்னிலை’ என்று அடுத்த வரி, அதற்குக் கீழே பெயர்கள். பேரகராதியில் ‘முன்னிலை’யைத் தேடினால் தன்மை, படர்க்கையோடு சேரும் இலக்கண முன்னிலையும், எதிரில் நிற்பது என்ற பொதுப் பொருளும் கிடைக்கும். அழைப்பிதழில் வருகிற அந்த முன்னிலைக்கு மேலே சொன்ன தற்கால அகராதியைத் திறந்துகொள்ளுங்கள்.